தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

நோயாளி ஒருவர் இறந்துவிட்டால் நாம் யாரைப் பார்க்கின்றோம்? கணவனை இழந்த மனைவியைப் பார்க்கின்றோம். தாயை இழந்த குழந்தையைப் பார்க்கின்றோம். அவர்களுக்காக மனம் இரங்குகின்றோம். அதுவே மனிதப் பண்பு. ஆனால் அதே அறையின் ஓரத்தில் இன்னும் ஒருவர் நிற்கின்றார். இரவு முழுவதும் கண் விழித்து, தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்து, முடிவில் தோற்றுப்போன மருத்துவரோ செவிலியரோ அவர். அவர் கண்ணில் நீர் வருவதை நாம் கவனிப்பதில்லை. அவருக்கு இது பழகிப்போன தொழில்தானே என்று எண்ணிக்கொண்டு வந்துவிடுகின்றோம்.

உண்மையில் அவர்களுக்கு அது பழகிப்போகிறதா? பழகுவதில்லை என்பதற்குச் சான்றாக வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் புதுக்கோட்டை மண்ணில் பிறந்தார். நம் மன்னர் கல்லூரியிலேயே படித்தார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். முதல் பெண் என்று தொடங்கும் பட்டியலில் அவர் பெயரைப் பள்ளிப் பருவம் முதல் மனப்பாடம் செய்திருக்கின்றோம். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு மரணமும், அதை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்த ஒரு மருத்துவரும் இருப்பதை இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

மன்னர் கல்லூரியின் மாணவி

அம்மையார் பிறந்தது 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள். அன்று புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். இந்த மணத்தால் தந்தையை அவருடைய சுற்றத்தார் விலக்கி வைத்தனர். இரண்டு பக்கத்திலும் ஊராரின் பார்வை குத்தும் ஒரு வீட்டில்தான் முத்துலட்சுமி வளர்ந்தார்.

வயதுக்கு வந்த பெண் பள்ளிக்குப் போவதில்லை என்பது அக்கால வழக்கம். ஆகவே வீட்டிலிருந்தபடியே தந்தையிடம் பாடம் கற்று, 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதி வெற்றி பெற்றார். அடுத்து எங்கே போவது? ஊரில் இருந்ததோ ஆண்கள் மட்டும் பயின்ற ஒரே கல்லூரி. பெண் ஒருத்தி வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார்; உதவித்தொகையும் வழங்கினார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக அவர் படித்தார்.

இன்று நம் கல்லூரி வாயிலில் காலை வேளையில் நின்று பாருங்கள். திருமயத்திலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் கீரனூரிலிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து எத்தனை பெண்கள் இறங்குகின்றனர்! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, இந்த வரிசையின் முதல் ஆள் முத்துலட்சுமி அம்மையார்தாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் மருத்துவக் கல்வி

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் வலிமை மிக்கவர் அல்லர். ஆஸ்துமா அவரை அடிக்கடி வாட்டியது. கண் பார்வையும் குறைவு. அவ்வளவு இடர்களுக்கும் இடையே பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912இல் பட்டம் பெற்றார். இந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற தொடக்க காலப் பெண்களுள் அவர் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியில் அமர்ந்தார். அதுவரை அப்பணியில் பெண் எவரும் அமர்ந்ததில்லை.

அக்கால மகப்பேறு மருத்துவத்தை நாம் இன்று கற்பனை செய்வதும் கடினம். பெனிசிலின் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. இரத்த வங்கிகள் இல்லை. குழந்தை பெற்ற தாய்க்குக் காய்ச்சல் கண்டாலோ இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பேறுகால அறையில் பணியாற்றும் மருத்துவர் பிறப்பைக் காண்பது போலவே இறப்பையும் அடிக்கடி கண்டாக வேண்டும்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அவரும் புகழ்பெற்ற மருத்துவர். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே அம்மையார் அம்மணத்திற்கு இசைந்தார். இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரு மக்கள் பிறந்தனர். மருத்துவத் தொழில் நன்கு நடந்தது. அமைதியாகவும் வசதியாகவும் வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் நோய் ஒன்று அவர் பிறந்த குடும்பத்துக்குள்ளேயே நுழைந்தது.

தங்கையின் நோய்

அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள். 1920களின் தொடக்கத்தில் அவர் நோயுற்றார். மலத்தோடு இரத்தமும் சீதமும் போயின. சீதபேதி என்று கருதி அதற்குரிய மருத்துவம் செய்யப்பட்டது. நோய் குறையவில்லை. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே சுந்தராம்பாள் காலமானார்.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை உயிரியல் பயிலும் நாம் புரிந்துகொள்ள முடியும். சீதபேதியில் குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தமும் சீதமும் வெளிப்படுகின்றன. மலக்குடலில் வளரும் கட்டியும் அதே சுவரைத்தான் புண்ணாக்குகிறது. வெளிப்படும் அறிகுறியும் ஒன்றுபோலவே இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் சீதபேதி அன்றாட நோய். இளம் வயதினருக்கு மலக்குடல் புற்றுநோய் வருவது அரிது. அன்றாடம் காண்பதையே மருத்துவரின் மனம் முதலில் நினைக்கும். நேரடியாகச் சோதித்துப் பார்த்தாலொழியக் கட்டி தெரியாது. சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் அன்று எங்கே போவது? ரேடியம் 1898இலேயே கண்டறியப்பட்டிருந்தாலும், நம் நாட்டில் அது அரிதினும் அரிதான பொருள். தென்னாட்டில் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனையும் இல்லை.

ஒரு நிமிடம் அந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். அக்காள் மருத்துவர். அத்தான் மருத்துவர். கற்ற கல்வி உண்டு. பெற்ற பதக்கங்கள் உண்டு. சென்னை நகரின் மருத்துவ உலகமே அறிமுகம். அத்தனையும் இருந்தும் சொந்தத் தங்கையைக் காக்க முடியவில்லை. அக்காளாக அழுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் மருத்துவராக இருக்கும் அக்காளின் துக்கத்தில் கேள்விகளும் கலந்திருக்கும். முன்னரே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா? வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாமா? அப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்காத கேள்விதான் மனிதனை உறங்கவிடாது.

அந்தச் சாவு அம்மையாரை விட்டு அகலவேயில்லை. புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை எழுப்பியே தீர வேண்டும் என்ற உறுதி அங்கேதான் பிறந்தது.

சுமப்பவர்கள்

நோயாளிக்கு நேரும் கேடு மருத்துவரையும் தாக்குகிறது என்பதை மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்னும் அமெரிக்க மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். தவறு நேரும்போது முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. அதே நிகழ்ச்சியில் மனம் நொறுங்கும் மருத்துவப் பணியாளர் இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் என்றார் அவர். உறக்கமின்மை, குற்ற உணர்வு, அடுத்த நோயாளியைத் தொடவே அச்சம், தொழிலை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஆகியவை இத்துன்பத்தின் அடையாளங்கள். நோயாளியை இழந்த குடும்பத்தார் சிலர் இந்தப் பெயரை ஏற்கவில்லை. உயிரைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள் இருக்க, தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவர் என்பதா என்று அவர்கள் கேட்டனர். அதுவும் நியாயமான கேள்வியே. பெயர் எதுவாயினும் துன்பம் இருப்பது பொய்யன்று.

இதன் கொடுமையை வரலாறு காட்டுகிறது. ஜெர்மனியில் கீல் நகரில் மிகேலிஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். குழந்தை பெற்ற தாய்மாரைக் கொல்லும் காய்ச்சல், மருத்துவரின் கழுவாத கைகள் வழியே பரவுகிறது என்ற செம்மல்வைஸின் கண்டுபிடிப்பு அவருக்கு எட்டியது. தாம் பேறு பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி அதே காய்ச்சலில் இறந்ததை அவர் நினைத்தார். தம் கையாலேயே அவளைக் கொன்றோம் என்ற எண்ணம் அவரைத் தின்றது. 1848இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 மார்ச் மாதம் இராஜஸ்தானத்தில் தௌசா மாவட்டத்தில், பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். பேறு பார்த்த பெண் மருத்துவர் மீது கொலை வழக்குப் பதிவானது. மறுநாளே அம்மருத்துவர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். ஒரு தாய் இறந்த துக்கத்தோடு இன்னொரு தாயும் போனார்.

இவ்வளவு தூரம் போவானேன்? என் சித்தி நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சுகாதாரச் செவிலியராக இருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பார்த்துவந்த கர்ப்பிணித் தாய் ஒருவர், குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காமல், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் 108 ஊர்தியிலேயே இறந்துவிட்டார். தமிழ்நாட்டில் தாய் மரணம் எது நேர்ந்தாலும் அது குறித்துத் தணிக்கை நடக்கும். அப்படித் தணிக்கை செய்து திருத்திக்கொண்டதும் தாய் மரணம் இங்கே குறைந்ததற்கு ஒரு காரணம். நாட்டளவில் இலட்சம் பேற்றுக்கு 97 தாய்மார் இறந்த 2018-20 காலத்தில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 54. ஆகவே தணிக்கை வேண்டியதே.

சித்தியும் பதிவேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போனார். எத்தனை முறை இரத்த அழுத்தம் பார்த்தீர்கள், இரும்புச்சத்து மாத்திரை எப்போது கொடுத்தீர்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. குறை ஏதும் அவர் மேல் இல்லை என்று முடிந்தது. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அடுத்த தெருவில் தடுப்பூசி முகாம், போய்விட்டார். அதன்பின் பல மாதங்கள் இரவில் எழுந்து உட்கார்ந்து அந்தப் பதிவேட்டின் பக்கத்தையே புரட்டிக்கொண்டிருப்பார். அந்த வீடு இருக்கும் தெரு வழியே போகாமல் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு என்ன கவலை என்று ஊரில் பேசியதும் அவர் காதில் விழுந்தது.

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு என் சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. இருவர் நிலையும் ஒன்றல்ல. ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் பெயர் அவருடைய ஊருக்கு அப்பால் தெரியாது. ஆனாலும் இருவரும் சுமந்தது ஒரே சுமை. அந்தச் சுமையை அம்மையார் என்ன செய்தார் என்பதே இனி நாம் காண வேண்டியது.

இலண்டனும் சட்டமன்றமும்

1925இல் அரசின் உதவித்தொகையில் மேற்பயிற்சிக்காக அம்மையார் இலண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவத்தில் செல்சீ மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அந்த இலண்டன் நகரில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை 1851 முதல் நடந்துவந்தது. அதை நிறுவிய வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவரும் 1846இல் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கடல்கள் கடந்தும் காலம் கடந்தும் துக்கத்தின் வழி ஒன்றாகவே இருந்திருக்கிறது. 1926இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் அம்மையார் கலந்துகொண்டார்.

தாயகம் திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்ற மேலவைப் பொறுப்பு எதிர்கொண்டது. மருத்துவப் பணி தடைப்படுமே என்று முதலில் தயங்கினார், பிறகு ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர். 1927இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு சட்டமன்றத்தில் அப்பதவியை வகித்த பெண் உலகில் அதற்குமுன் இருந்ததில்லை.

அங்கேயும் அவர் மருத்துவராகவே இருந்தார். பேறுகால அறையில் பதின்மூன்று, பதினான்கு வயதுத் தாய்மார் படும் பாட்டைக் கண்ட கை, குழந்தை மணத்துக்கு எதிராக உயர்ந்தது. பெண்களின் மண வயதை உயர்த்தும் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். தம் தாய் பிறந்த குலத்துப் பெண்களைக் கட்டிப்போட்டிருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வழக்கத்தை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதுவரை இருபது ஆண்டுகள் அவர் சோரவில்லை.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு வேறெங்கும் இடம் கிடைக்காதபோது அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். அப்படித் தோன்றியதுதான் ஔவை இல்லம். ஆதரவற்ற பெண் குழந்தைகளை அது பின்னாளில் படிக்கவைத்து ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் ஆக்கியது.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

இத்தனை பணிகளுக்கிடையே தங்கையை மறந்துவிட்டாரா? மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அக்கல்லூரியின் பழைய மாணவி என்ற முறையில் அங்கே பேசிய அம்மையார், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை எடுத்துரைத்தார். தங்கை மறைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் உடனே முன்வந்துவிடவில்லை. புற்றுநோய் என்றால் சாவு என்பதே அன்றைய பொதுவான எண்ணம். எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனப்பான்மை படித்தவர்களிடமும் இருந்தது. போரும் பஞ்சமும் வந்து போயின. நாடு விடுதலை பெற்றது. 1948இல் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது. அம்மையாருக்கு அறுபது வயது கடந்தது. இந்திய மாதர் சங்கத்தின் வழியே புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் திரட்டினார். பெரியவர்களிடமும் எளியவர்களிடமும் கையேந்தினார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவராகி, வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார்.

1952 அக்டோபரில் சென்னை அடையாற்றில் தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. எவ்வளவு பெரியது தெரியுமா? 12 படுக்கைகள்! அவ்வளவுதான். தங்கையின் மரணத்துக்கும் இந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இன்று ஒரு தேர்வில் தோற்றாலே மனம் உடைந்துபோகும் நாம், இந்த முப்பது ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோல்வி நடுவே பணி

மருத்துவமனை எழும்பியதோடு துன்பம் தீர்ந்துவிட்டதா? இல்லை. உண்மையில் அங்கே பணியாற்ற வந்தவர்களுக்குத் துன்பம் அப்போதுதான் தொடங்கியது. முற்றிய நிலையில் வருகிறவர்களே அதிகம். வருகிறவர்களில் பலர் இறப்பார்கள் என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் வார்டுக்குள் நுழைய வேண்டும். 1955இல் இளம் மருத்துவராக அங்கே சேர்ந்தார் டாக்டர் சாந்தா. அரசு மகளிர் மருத்துவமனைப் பணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை விடுத்து இந்தச் சிறிய இடத்துக்கு வந்தார். அவரும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சில பணியாளர்களுமாக அந்த மருத்துவமனையைத் தாங்கினர். 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. பின்னர்க் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவும் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் மிகச் சிலரே அந்நாளில் பிழைத்தனர். மற்றவர்களை, பெற்றோரோடு சேர்ந்து மருத்துவரும் செவிலியரும் வழியனுப்பி வைத்தனர்.

அப்படியிருந்தும் அவர்கள் ஓடிவிடவில்லை. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வளாகமே அவர் வீடு. அவர்களால் எப்படி நிற்க முடிந்தது? நான் எண்ணிப் பார்த்தவரையில் இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, அவர்கள் தனியாக இல்லை. தோல்வியைச் சொல்லி அழவும், எங்கே பிழைத்தோம் எங்கே தவறினோம் என்று சேர்ந்து ஆராயவும் உடன் ஆட்கள் இருந்தனர். இரண்டாவது, ஒவ்வொரு மரணத்திலிருந்தும் அடுத்த நோயாளிக்கு உதவும் பாடம் ஏதாவது ஒன்றை அவர்கள் தேடினர். துக்கத்துக்குத் துணையும் வேலையும் கிடைத்தால் அது மனிதனைக் கொல்வதில்லை. மிகேலிஸுக்கு அவை கிடைக்கவில்லை. தௌசா மருத்துவருக்கும் கிடைக்கவில்லை.

அம்மையார் 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் மறைந்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய நிலையம் இன்று நாடறிந்த பெருநிலையம். தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்திட்டத்துக்கான படிவங்களை ஊர் ஊராகப் பூர்த்தி செய்கிறவர்கள் என் சித்தியைப் போன்ற சுகாதாரச் செவிலியர்களே.

நாம் செய்ய வேண்டியது

பெரியோர் வாழ்க்கையைப் படித்துவிட்டு, நாமும் அவரைப் போல் ஆவோம் என்று முடிப்பது எளிது. நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. முத்துலட்சுமி அம்மையாருக்குக் கல்வி இருந்தது. துணை நின்ற கணவர் இருந்தார். சட்டமன்றத்தில் இடம் இருந்தது. அதனால் தம் துயரத்தை ஒரு மருத்துவமனையாக மாற்ற அவரால் முடிந்தது. அதற்கும் முப்பது ஆண்டுகள் ஆயின. சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஊர் ஊராகப் போகும் செவிலியரை, 36 மணி நேரம் தொடர்ந்து கண் விழிக்கும் பயிற்சி மருத்துவரை, நீயும் உன் துக்கத்தைச் சாதனையாக மாற்று என்று சொல்வது அறமாகாது. அது அவர்கள் சுமையின் மேல் இன்னொரு சுமை.

அவர்களுக்கு வேண்டியவை மிகச் சிறியவை. நோயாளி இறந்த மறுநாள் ஒரு நாள் ஓய்வு வேண்டும். என்ன செய்தாய் என்று கேட்கும் அதிகாரி, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்க வேண்டும். தவறு நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லக்கூடிய சூழல் வேண்டும். மறைத்த தவறு அடுத்த நோயாளியையும் கொல்லும். சொன்ன தவறு அவரைக் காக்கும். அச்சத்தில் இருப்பவன் உண்மையைச் சொல்லமாட்டான். ஆகவே செவிலியரின் மனத்தைக் காப்பது, நாளைக்கு வரப்போகும் நோயாளியின் உயிரைக் காப்பதுமாகும். இதைச் சொல்வதால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்குள்ள நீதி குறைந்துவிடாது. அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது வேறு. கை ஓங்குவது வேறு. மருத்துவமனைகளையும் அங்குப் பணியாற்றுவோரையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இல் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. அது நாம் பெருமைப்படத் தக்க செய்தியன்று.

நண்பர்களே, விலங்கியலும் வேதியியலும் படிக்கும் நம்மில் பலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றப் போகின்றோம். 2017 முதல் நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கிவருகிறது. அங்கே வெள்ளை அங்கியோடு நடக்கும் நம் வயது மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் தங்கள் முதல் நோயாளியை இழப்பார்கள். அன்று அவர்கள் பக்கத்தில் அமர ஒருவர் இருக்க வேண்டும். பெற்றோராகவோ அண்ணனாகவோ தோழியாகவோ அந்த ஒருவர் நாமாகவே இருக்கக்கூடும்.

அடையாற்றில் எழுந்து நிற்கும் அந்தப் பெரிய மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், அதன் அடித்தளத்தில் புதுக்கோட்டைப் பெண் ஒருத்தியின் ஆறாத துக்கம் புதைந்திருப்பதை நினைவில் கொள்வோம். நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அடுத்த முறை ஒரு செவிலியர் சிடுசிடுவென்று பேசினால், பதிலுக்குச் சீறும் முன் ஒரு கணம் நிற்போம். நேற்று அவர் கையில் என்ன நேர்ந்ததோ, நாம் அறியோம். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பார்ப்போம். மன்னர் கல்லூரியின் முதல் மாணவிக்கு, அதே கல்லூரி மாணவர்கள் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.